பன்னிரண்டாவது லில்லிக் கிழங்கு

என்னோடு ஒரே காலத்தில் பால்பல் விழுந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இளையவர்கள் வாசித்தால் வாசிக்கட்டும்; இடையில் கேள்வி மட்டும் கேட்க வேண்டாம்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துப் பிழையை மருமகன் திருத்துவார். ஆனால் பூங்கன்று விசயத்தில் என்னைத் திருத்துவதற்கு இந்த மாவட்டத்தில் ஆள் இல்லை. கலியாண வீட்டு வாசலுக்குப் பூச்சாடி வேண்டுமென்றால் தோப்பூரிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் என் கேற்றடிக்குத்தான் வாகனம் வரும். எல்லாம் இந்த இரண்டு கையாலும் வந்தது. கொஞ்ச நாளைக்கு முன்னர் விவசாயம் படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர் வந்தார்கள். லில்லிக் கிழங்கை நான் நாலாகப் பிளந்து மணலில் வைத்துப் பெருக்குவதைப் பார்த்துவிட்டு, இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டார்கள். ஒருவரும் சொல்லித்தரவில்லை, பத்து வயதில் நானே கண்டுபிடித்தது என்றேன். அவர்கள் போன பிறகு, அந்தப் பதில் முழுக்கச் சரிதானா என்று ஒரு யோசனை வந்தது. வந்த யோசனை போகவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

வெள்ளைக்காரனின் கப்பற்படை துறைமுகத்தை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்த காலம். துறைமுகத்துக்கு மேலே ஓர்ஸ் ஹில் மேட்டில் அவர்கள் இருந்த பங்களாக்களில் நம்முடைய உத்தியோகத்தர்கள் குடியேறியிருந்தார்கள். அப்படியொரு பங்களாவில் வாப்பா தோட்டக்காரர். பின்வளவில் ஓர் அறையும் குசினியும் எங்களுக்கு. அறை ஜன்னலைத் திறந்தால் மதில். குசினி ஜன்னலைத் திறந்தால் உள்துறைமுகம் முழுவதும் தெரியும். அதனாலோ என்னவோ உம்மா குசினியை விட்டு வெளியே வருவது குறைவு.

வாப்பா முந்தி ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வேலை செய்தவர். துரைக்கு றோசா வளர்த்த கை என்று தன் கையைத் தானே திருப்பிப் பார்ப்பார். அந்தக் காலத்தில் இருந்து மிஞ்சியது நீளக் கழுத்துள்ள ஒரு பூவாளி. அதன் வாயில் பித்தளைச் சல்லடை. வெயிலில் பிடித்தால் தண்ணீர் நூல் நூலாக இறங்கும். உம்மா நிலாவெளிப் பக்கத்து வெங்காயத் தோட்டக் குடும்பம். வாப்பாவுக்குச் சந்தோசம் வந்தால் உம்மாவை "வெங்காயக்காரி" என்பார். கோபம் வந்தாலும் அதே பெயர்தான்.

பங்களா அம்மா யாழ்ப்பாணத்துப் பக்கம். ஐயா துறைமுகக் கந்தோரில் பெரிய உத்தியோகம். வீட்டில் வாய் திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்து அம்மா கதைப்பார். கெட்ட மனுசி என்று சொல்ல மாட்டேன். எதையும் எண்ணிப் பார்க்கிற மனுசி. கொடியில் காய்கிற துணியையும் எண்ணுவார், மாமரத்தில் மாங்காயையும் எண்ணுவார்.

ஒரு நாள் மலைநாட்டில் இருந்த அம்மாவின் அக்கா, தேயிலைப் பெட்டி ஒன்றில் வைக்கோல் பரப்பிக் கிழங்குகள் அனுப்பியிருந்தார். பன்னிரண்டு. ஒவ்வொன்றும் என் கைமுட்டி அளவு, மண்ணிறச் சருகு போர்த்தி, அடியில் காய்ந்த வேரோடு. பெரிய வெங்காயம் என்று நான் சொன்னேன். அம்மா சிரித்துவிட்டு, இது லில்லி, சிவப்புப் பூ, இதழின் நடுவில் வெள்ளைக் கோடு ஓடும், அந்தக் கோடு அக்கா வீட்டுப் பூவுக்கு மட்டும்தான் உண்டு என்றார். பெட்டிக்குள் ஒரு தாளும் இருந்தது. அதை அம்மா வாசித்துச் சொல்ல வாப்பா தலையாட்டினார். கிழங்குக்கு மேலே நாலு விரல் மண் நிற்க வேண்டும். எரு நிறையப் போட வேண்டும். தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

வாப்பா வரிசை பிடித்து நட்டார். உம்மா குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு, கழுத்தை மூடாதீங்க என்றா. வாப்பா நிமிரவே இல்லை. சம்பலுக்குப் போடுகிற சாமானும் சாடிக்குப் போடுகிற சாமானும் ஒன்றா என்று மண்ணைப் பார்த்தே கேட்டார்.

முதல் வருடம் பூக்கவில்லை. புது இடம் என்று விட்டார்கள். இரண்டாம் வருடத் தொடக்கத்தில் அம்மா அடுத்த ஒழுங்கையில் இருந்த டொக்டர் பங்களாவுக்குத் தேநீர் குடிக்கப் போய்வந்தார். அங்கே படிக்கட்டில் நாலு சாடி. நாலிலும் சிவப்பு லில்லி. அன்று பின்னேரம் அம்மா எங்கள் பாத்திக்கு முன்னால் கனநேரம் நின்றார். பிறகு வாப்பாவிடம், நான் தந்த கிழங்குதானா இதுக்குள்ளே கிடக்கிறது என்று கேட்டார். கேட்ட விதம் சாதாரணமாகத்தான் இருந்தது. வாப்பா பூவாளியை நிரப்பப் போனார்.

அதற்குப் பிறகு வாப்பா அந்தப் பாத்தியைக் கவனித்த மாதிரி எங்களைக்கூடக் கவனிக்கவில்லை. சந்தேகப்பட்டால் வேறு மனிதர் சண்டை பிடிப்பார்கள். வாப்பா தண்ணீர் ஊற்றினார். காலையும் மாலையும் பூவாளி. அது போதாதென்று மீன் சந்தையிலிருந்து குடலும் செதிலும் வாளியில் வாங்கி, சைக்கிள் ஹாண்டிலில் தொங்கவிட்டு மேடு ஏறி வருவார். பின்னால் காகங்கள் ஊர்வலமாக வரும். அதைப் பாத்தியில் புதைப்பார். ஐயா அந்தப் பக்கத்து ஜன்னலைப் பூட்டிவிட்டார். இலை வளர்ந்தது பாருங்கள், என் கையளவு நீளம், கரும்பச்சை, எண்ணெய் பூசின மாதிரி மினுக்கம். பூ மட்டும் இல்லை.

உம்மா ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னா: "இலைக்குத் தீனி போட்டிட்டுப் பூக் கேக்கிறீங்க. வெங்காயத்துக்கும் கடைசியில தண்ணிய மறிச்சாத்தான் முத்தும்."

வாப்பா சாப்பாட்டை முடிக்காமல் எழும்பினார்.

எனக்கு இந்த இரண்டு பேரில் யார் சரி என்று பார்க்காமல் இருக்க ஏலாது. அது என் பிறவிக் குணம். டொக்டர் பங்களா வேலிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். அந்தச் சாடிகளில் கிழங்குகள் பாதி வெளியே தெரிந்தன. கடலில் கழுத்தளவில் நின்று குளிக்கிற ஆட்கள் மாதிரி. மண் காய்ந்து வெடித்திருந்தது. ஒருவரும் தண்ணீர் ஊற்றுவதாகத் தெரியவில்லை. எங்களுடையதோ முழுதாகப் புதைத்த ஆட்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் எப்படித் தெரியும்?

பங்குனி மாதம் ஒரு மத்தியானம், எல்லோரும் படுத்திருந்த நேரம், வரிசையின் கடைசிக் கிழங்கைக் கிண்டி எடுத்தேன். இலைகளை அடியோடு அறுத்தேன். குசினிக்குள் கொண்டுபோய் அரிவாமணையில் வைத்து மேலிருந்து கீழே இரண்டாகப் பிளந்தேன். வெங்காயம் மாதிரியே அடுக்கடுக்கு. கண் எரியவில்லை, ஆனால் பால் பட்ட விரல் அரித்துக் கடித்தது. பாதிகளையும் பிளந்தேன். அப்போதுதான் கண்டேன். அடுக்குகளுக்கு நடுவில் நெல்மணி அளவில் ஒரு மொட்டு, வெள்ளையும் பச்சையுமாக, கண்ணை மூடிப் படுத்திருந்தது. அதற்கு வெளியே இன்னோர் அடுக்குக்குள் இன்னொன்று. அது கருகிப் போயிருந்தது. பூ வராமல் இல்லை. உள்ளேயே வந்து உள்ளேயே செத்திருக்கிறது.

இந்த வயதுவரை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அந்த நெல்மணியைக் கண்ட மாதிரி நெஞ்சு அடித்தது வேறு எதற்கும் இல்லை. யாரிடமாவது காட்ட வேண்டும் போல இருந்தது. காட்டினால் கிழங்கை வெட்டினது யார் என்ற கேள்வி வரும். சந்தோசம் பயமாக மாறுவதற்கு ஒரு நிமிசமும் எடுக்கவில்லை.

என்னிடம் ஒரு பிஸ்கற் தகரம் இருந்தது. மூடியில் குதிரை வண்டிப் படம். அதற்குள் கடல்தண்ணீர் விட்டு நான் நண்டுக்குஞ்சு வளர்த்திருந்தேன். குஞ்சுகள் செத்தபின் தகரம் சும்மா கிடந்தது. உம்மா பாத்திரம் தேய்க்க வைத்திருந்த கடற்கரை மணலை அள்ளி அதை நிரப்பி, நாலு துண்டையும் உள்ளே குத்தி, மேலே மெல்லியதாக மணல் தூவி, குசினிக்குப் பின்னால் கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில் விறகுக்கு மறைவில் வைத்தேன். அறுத்த இலைகளை? சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பழைய இடத்திலேயே மண்ணில் குத்தி நட்டுவிட்டேன். தூரத்தில் இருந்து பார்த்தால் பன்னிரண்டு.

மூன்றாம் நாள் அந்த இலைகள் தலை தொங்கின. வாப்பா போய் ஒன்றைப் பிடித்தார், கையோடு வந்தது. அதன் அடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார், மற்ற இலைகளையும் பிடுங்கிக் குப்பைக் கிடங்கில் போட்டார். நான் மதில் ஓரத்தில் நின்று, தப்பினேன் என்று மூச்சு விட்டேன்.

சித்திரை பிறந்து ஒரு நாள் இடியும் மின்னலுமாகப் பெருமழை. மத்தியானம் தொடங்கி இருட்டும்வரை விடவில்லை. வாளி, சட்டி, வெளியே கிடந்த செருப்புக்கூட நிரம்பி வழிந்தது. அடுத்த நாள் காலை அம்மா குடையை ஊன்றிக்கொண்டு தோட்டத்தில் என்ன சேதம் என்று பார்க்க வந்தார். பாத்திக்கு முன்னால் நின்று விரல் நீட்டி எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"பன்னிரண்டு தந்தனான். பதினொண்டு நிக்குது," என்றார். "மற்றது எங்க?"

வாப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "முள்ளம்பன்றி எடுத்திருக்கும் அம்மா."

"முள்ளம்பன்றி ஓர்ஸ் ஹில்லுக்கு ஏறி வந்து, வரிசையில கடைசியா நிக்கிறதை மட்டும் பாத்துக் கிண்டிக்கொண்டு போனதோ?"

"அது கிழங்கு தின்னும் அம்மா."

"பூவும் இல்லை, கிழங்கும் குறையுது. டொக்டர் வீட்டில மட்டும் பூக்குது. நான் என்னெண்டு நினைக்கிறது, நீரே சொல்லும்." பிறகு மாத முடிவோடு அறையை விட்டுவிடும்படி சொன்னார். வேறு தோட்டக்காரர் ஒருவரைச் சொல்லி வைத்திருக்கிறாராம்.

நான் பத்தடி தூரத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். அன்று பின்னேரம் மீன் சந்தையில் வாளியைக் கண்டவுடன் ஒரு மீன்காரர், என்ன, லில்லிக் கிழங்கு என்ன விலை போகிறது என்று கேட்டாராம். அதற்குப் பிறகு வாப்பா சந்தைக்குப் போகவில்லை. பூவாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன் மேலே குந்திக்கொண்டு இருந்தார்.

மழைத் தண்ணீரில் என் தகரம் என்ன ஆனதோ என்று எனக்கு வேறு கவலை. ஆள் இல்லாத நேரம் எட்டிப் பார்த்தேன். மணல் ஈரம், ஆனால் தண்ணீர் நிற்கவில்லை. நல்ல இடம் பார்த்துத்தான் வைத்திருக்கிறேன் என்று என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

உம்மா இரண்டு நாள் பொறுத்தா. மூன்றாம் நாள் வாப்பாவிடம் வந்து, இஞ்சாருங்க, எப்படியும் போகப்போறம், நான் ஒருக்காச் செஞ்சு பாக்கவா என்று கேட்டா. வாப்பா, செய் என்றார். ஒரே ஒரு சொல்.

உம்மா பதினொன்றையும் பிடுங்கினா. வெங்காயத்தைச் செய்கிற மாதிரியே மண் உதறி, நிழலில் வாட்டி, இலையோடு இலை முடிந்து இரண்டு பிடியாகக் கட்டி, குசினிக்குள் அடுப்புக்கு மேலே கூரையைத் தாங்குகிற வளையில் தொங்கவிட்டா. அவவின் ஊரில் விதை வெங்காயம் அப்படித்தான் அடுத்த நடுகைவரை புகையில் கிடக்கும்.

பாத்தி வெறுமையாகக் கிடப்பதைக் கண்ட அம்மா நேரே எங்கள் குசினிக்குள் வந்தார். அதற்கு முன்னர் அவர் அங்கே காலடி வைத்ததில்லை. புகைக்குள் கண்ணைச் சுருக்கி வளையைப் பார்த்தார்; பழக்கதோசத்தில் எண்ணினார்; பதினொன்று.

"இதென்ன, சம்பலுக்கோ?"

"இதத் திண்டா ஆள் மவுத்தாயிரும் அம்மா," என்றா உம்மா. "நித்திரைக்குக் கட்டியிருக்கன்."

"நித்திரையோ?"

"ஓம். ரெண்டு வருசமாப் படுக்க விடாம வேலை வாங்கியிருக்கம். களைச்ச கிழங்கு என்னத்தப் பூக்கும்? கச்சான் காத்து முடியுமட்டும் தவணை தாங்க. பிறகு நட்டுப் பாத்துப் பூக்காட்டி, நீங்க சொல்லத் தேவையில்ல, நாங்களே சாமான கட்டுறம்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்ததா, கோபம் வந்ததா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. எண்ணுகிற மனுசிக்கு ஒரு குணம் உண்டு: கணக்கு முடியாமல் விட மனம் வராது. சரி என்றார். ஆனால் நடும்போது ஐந்து அக்கா எழுதின மாதிரி, ஆறு உம்மாவின் மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் வேண்டும் என்றார்.

நாலு மாதம் வரை கிழங்குகள் புகையில் தொங்கின. இலை காய்ந்து கயிறானது. தோல் கறுத்து இறுகியது. தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று ஓட்டுக்குள் புகுந்து இரண்டு பிடியையும் மணி மாதிரி ஆட்டும். எங்கள் மூன்று பேரின் இருப்பிடமும் அந்த வளையில் தொங்குகிறது என்று எனக்குத் தெரியும். சோறு தின்னும்போது மேலே பார்த்துக்கொண்டே தின்பேன்.

ஆவணி மாதம் நட்டார்கள். ஐந்துக்கு நாலு விரல் மண், எரு, தினமும் தண்ணீர். மற்ற ஆறுக்கு உம்மா மணலும் செம்மண்ணும் கலந்து வரம்பு கட்டி, தோளளவு மட்டும் உள்ளே, கழுத்து வெளியே. எரு இல்லை. முளை மூக்கை நீட்டும்வரை தண்ணீரும் இல்லை. நான் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் ஈர்க்குக் குத்தி, தினமும் காலையில் நகத்தால் அடையாளம் வைத்தேன். வாப்பா இரண்டு பக்கமும் சொன்னதைச் சொன்னபடி செய்தார். ஒரு பக்கத்துக்கும் சாயவில்லை.

புதைத்த ஐந்தில் மூன்று இலை விட்டன. இரண்டு வரவே இல்லை. கிண்டினால் கூழ், மீன் குடலைவிட மோசமான நாற்றம். வெளியே நின்ற ஆறில் ஒன்று அசையவில்லை, ஒன்று இலை விட்டது. மற்ற நாலிலும் கழுத்தின் பக்கவாட்டால் தாரா வாத்தின் மூக்கு மாதிரித் தட்டையாக ஒன்று எட்டிப் பார்த்தது. அது இலை இல்லை என்று எனக்குத்தான் முதலில் தெரிந்தது. ஈர்க்கில் அடையாளம் வைத்து ஈடுகொடுக்க முடியவில்லை. காலையில் வைத்த கோட்டை மாலையில் தாண்டியிருக்கும்.

ஒரு காலையில் முதல் தண்டு விரிந்தது. நாலு பூ, நாலு திசையைப் பார்த்து. சிவப்பு. இதழ் ஒவ்வொன்றின் நடுவிலும் வெள்ளைக் கோடு.

அம்மா வந்தார். ஐயாகூடத் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றார். உம்மா குசினி ஜன்னலில். வாப்பா பூவைத் தொடவில்லை, ஓரமாக நின்றார். அம்மா குனிந்து கோட்டைப் பார்த்தார். அடுத்த பூவிலும் பார்த்தார். நிமிர்ந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கிழங்கு என்ரதுதான்," என்றார். "நீங்கள் அறையில இருங்கோ." அன்றுதான் வாப்பாவை முதல் தடவை நீங்கள் என்றார். அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அவர் எண்ணுகிற மனுசி. "அந்தப் பன்னிரண்டாவது மட்டும் எனக்கு விளங்கேல்லை."

வாப்பா மண்ணைப் பார்த்தார். நான் ஓடினேன்.

விறகுக்குப் பின்னால் என் தகரம் இருந்தது. பயத்தில் கனநாளாக நான் அந்தப் பக்கம் போகவில்லை. மணலுக்கு மேலே புல் மாதிரி மெல்லிய இலைகள், ஒன்றல்ல, ஒரு கூட்டம். நாலு துண்டும் சுருங்கிப் போய், ஒவ்வொன்றின் அடியிலும் சின்னச் சின்னக் கிழங்குகள் ஒட்டிக்கொண்டு இருந்தன. தூக்கினேன். அடியிலிருந்து தண்ணீர் என் சட்டையில் சொட்டியது. தலைக்கு மேலே பிடித்துப் பார்த்தேன். மூன்று துளை. உள்ளே இருந்து வெளியே ஆணியால் அடித்த துளை. நான் போட்டதில்லை.

தகரத்தை அம்மாவின் காலடியில் வைத்தேன். "நான்தான் வெட்டின. உள்ள என்ன இருக்கெண்டு பாக்க."

வாப்பா வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார்.

"முள்ளம்பன்றி இதுதான் அம்மா."

ஐயா கோப்பையோடு மறுபக்கம் திரும்பினார், தோள் குலுங்கியது. அம்மா சிரிக்கவில்லை. குந்தி இருந்து மணலைக் கிளறி எண்ணினார். ஒன்பது. தன்னுடைய கிழங்கின் பிள்ளைகள் என்று ஏழு கிழங்கை எடுத்துக்கொண்டு, எனக்கு இரண்டு தந்தார். இப்போதும் நான் சொல்லுவேன், நாலு கிழங்காவது தந்திருக்கலாம். பரவாயில்லை. இன்று என் வளவில் நிற்கிற வெள்ளைக் கோட்டு லில்லி அத்தனையும் அந்த இரண்டின் வம்சம்.

தகரம் பிறகு நாங்கள் இடம் மாறித் திரிந்த காலத்தில் தொலைந்தது. பூவாளியும் போனது. வாப்பாவிடம் அந்தத் துளைகளைப் பற்றி நான் கேட்டதில்லை, அவரும் சொல்லவில்லை. எந்த நாளில் போட்டார் என்று மட்டும் ஒரு கேள்வி எனக்குள் கிடந்தது. விவசாயம் படிக்கிற பிள்ளைகள் வந்துபோன அன்று மாலை, சாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்கும்போது, விடை என் கையிலேயே இருக்கிறது என்று விளங்கியது. இந்தத் தொழிலில் இத்தனை வருடம் இருந்தவளுக்கு இது தெரியாதா? வெட்டின கிழங்கு தண்ணீரில் ஓர் இரவு நின்றால் அழுகிவிடும். அந்தத் தகரத்தில் நண்டுக்குஞ்சு நீந்தியது, துளி ஒழுகாது. சித்திரைப் பெருமழை முழுக்க அதற்குள் விழுந்தது. துண்டுகள் அழுகவில்லை.

ஆகவே துளை மழைக்கு முந்தியது. அம்மா எண்ணியது மழைக்கு அடுத்த நாள். அன்று காலை வாப்பா முள்ளம்பன்றி என்று சொன்னபோது, பாவம், ஒன்றும் தெரியாத மனுசன் என்று நினைத்துக்கொண்டு நான் பத்தடி தூரத்தில் நின்றேன்.